மூன்று எருமைகளும் என் மொழிபெயர்ப்பும்

எருமைக்கறி ஏற்றுமதி என்றால் மாட்டை வெட்டிக் கப்பலில் ஏற்றுவது, அவ்வளவுதானே என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொம்மலூர் அலுவலகத்தில் உட்கார்ந்து பல வருடங்களாக அதற்கான காகிதங்களை டைப் அடிப்பவள் நான். டாலர் இறங்கினால் கவலை, துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றால் கவலை, இத்தனை வயதுக்கு மேற்பட்ட எருமையைத்தான் வெட்டலாம் என்று சட்டம் வந்தால் கவலை. எல்லாவற்றுக்கும் மேலே கோமாரி. மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் அந்த நோயைச் சொல்லி, வாங்கும் நாடு ஒரே நாளில் கதவைச் சாத்திவிடும்.

அக்கா வீட்டுக்காரரை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். ஆலை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, ஞாயிறு மட்டும் மர்பி டவுன் வீட்டுக்கு வருவார். வந்திறங்கும் ஒவ்வொரு எருமையின் வாயையும் திறந்து பார்ப்பது மாமாவின் வேலை. புண் தெரிந்தால் தனியே கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். டாக்டர் ரிஜிஸ்டரில் எழுதுவார். அந்த மாடு உள்ளே போகாது.

வாங்கும் நாட்டிலிருந்து ஓர் அதிகாரி ஆலையைப் பார்க்க வந்தார். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது என்பதால் மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

"போன மாதம் நோய் மாடு ஏதாவது வந்ததா?" என்று கேட்டார் அதிகாரி.

"வந்துச்சு சார், மூணு உருப்படி. வாயெல்லாம் கொப்புளம். நான்தான் பார்த்துப் புடிச்சு ஓரங்கட்டினேன்" என்றார் மாமா, பெருமையாக.

ஐயையோ, இந்த மனுஷன் எல்லாத்தையும் கெடுத்துட்டாரே! பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து ரேஷன் கடை வரைக்கும், அதிகாரி யார் வந்து கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்கு சார்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். "ஒரு மாடுகூட வரவில்லை என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அதிகாரி மேஜை மேலிருந்த ரிஜிஸ்டரைத் திறந்தார். மூன்று எருமைகளும் தேதியோடு, டாக்டர் கையெழுத்தோடு அதில் இருந்தன.

"நோய் எங்கேயும் வரும். நீங்கள் அதைப் பிடிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் வந்தேன். மறைப்பவர்களிடம் எப்படி வாங்குவது?" என்று கேட்டார். மாமா ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நாட்டு ஆர்டர் போயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் அக்கா புருஷன் அப்படி என்னம்மா சொல்லித் தொலைச்சான்?" என்று கத்தினார்.

"கோமாரி மாடு வந்துச்சுன்னு சொன்னார் சார்" என்றேன். அது பொய்யில்லை. அதை நான் எப்படி மாற்றினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வாரமே மாமாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமா இப்போது அல்சூரில் ஓர் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். அவரை யூனிஃபார்மில் பார்க்கக் கூசி, அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு நடுவில் மாமா திடீரென்று ஆரம்பித்தார்.

"எல்லாம் என் ஓட்டை வாயாலதாம்மா. அன்னிக்கு நான் கம்முனு இருந்திருந்தா அத்தனை பேர் பொழப்பு கெட்டிருக்காது. சேர்த்துவிட்ட உனக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சிக்காதம்மா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"விடுங்க மாமா, அதையெல்லாம் நான் அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றேன்.