வெள்ளையடித்த கறை

அமீரகத்தின் புஜைராவில் கோடை வந்தால் குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுவோம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீர் கையைச் சுடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தொங்கும் ஹீட்டர் டேங்கில் தேங்கி ஆறிய தண்ணீர்தான் இதமாக இருக்கும். அதனால் வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிர்ந்த நீரில் குளிப்பது எங்கள் வழக்கம். அந்தக் கோடையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருந்தது. அதை ஓடவிட்டுவிட்டுக் குளித்தோம்.

டேங்குக்கு நேர் கீழே, சீலிங் பலகையில் இருந்த கறையை முதலில் பார்த்தவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

"உம்மா, அது க்ரோ ஆகுது. போன வாரம் இவ்ளோ பெருசா இல்ல."

"நீ குளிக்கப் போறியா, சீலிங்கைப் பாக்கப் போறியா?"

என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் மேற்பார்வையாளர். துருவைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தவர்களை மறுபடி ஏணியில் ஏற்றுவதுதான் அவருடைய டூட்டியில் பாதி. அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நேரே கட்டடக்காரரிடம் போய் நிற்பார். எங்கள் கட்டடத்தில் புகார் சொன்ன இரண்டு குடும்பங்களை, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காலி செய்ய வைத்திருந்தார்கள். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை, பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த வீட்டை விடக்கூடாது என்று நினைத்தேன்.

ஷார்ஜாவிலிருந்து நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. பால்கனியில் கணவர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பெயின்ட் மிச்சம் கிடந்தது. ஸ்டூலில் ஏறிக் கறையின் மேல் இரண்டு முறை பூசினேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "வாடகை வீட்டைக்கூடப் புதுசாட்டம் வச்சிருக்கீங்க மதினி" என்றார். மகள் மட்டும் அண்ணாந்து பார்த்தாள்.

"வாப்பா பாத்தாங்களா?"

"பாத்தாச்சு" என்றேன்.

பள்ளி திறந்த வாரம். வெயிலில் வந்தவள் குளிக்கப் போனாள். வெகுநேரம் ஆகியும் வெளியே வராததால் கதவைத் தட்டினேன்.

"வாப்பாவுக்கும் கொஞ்சம் தண்ணி இருக்கட்டும். போதும், வா."

"ஷாம்பூகூட போகல உம்மா."

"வான்னா வா."

ஈரத்தலையில் துண்டைச் சுற்றி, முனகிக்கொண்டே தன் அறைக்கு நடந்தாள். அவள் அறைக் கதவைத் தொடுவதற்குள் குளியலறையில் பெரும் சத்தம். டேங்கைத் தாங்கிய இரும்புப் பட்டை துருப்பிடித்து அறுந்து, அவள் நின்று குளித்த இடத்திலேயே டேங்க் விழுந்து கிடந்தது. வாஷ்பேசின் நொறுங்கியிருந்தது. செந்நிறத் தண்ணீர் வாசலைத் தாண்டி எங்கள் கால்வரை ஓடிவந்தது.

பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "உம்மா சத்தம் போட்டதாலதான் புள்ள தப்பிச்சா." நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இன்றுவரை அந்தப் பாராட்டை யாரிடமும் மறுத்ததில்லை.

கணவர் வந்து உடைந்த பலகைகளைப் பொறுக்கினார். ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்து, அதிலிருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தள்ளி நில்லு புள்ள. கால்ல குத்திரும்" என்றார். அவ்வளவுதான். அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லவில்லை. மறுநாளே ஆள் அனுப்பிப் புது ஹீட்டர் போட்டுக் கொடுத்தார். இப்போது அது சுவரில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஆனாலும் மகள் துண்டோடு குளியலறை வாசலில் நிற்கிறாள்.

"செக் பண்ணியாச்சா உம்மா?"

"பண்ணியாச்சு, போ."

"யாரு பண்ணது?"

"வாப்பா."

அவள் ஹால் பக்கம் திரும்பி, "வாப்பா, நீங்களா பாத்தீங்க?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று அவர் குரல் வந்த பிறகுதான் உள்ளே போகிறாள்.