அடுப்படிக்குள் சர்வே கல்

காலை 6.40. மொரப்பூரில், கட்டி முடியாத ஒரு வீட்டின் அடுப்படிக்குள் சர்வே கல் நிற்கிறது. இங்கிருந்து தருமபுரிக்குப் போடப்போகும் ரயில் பாதைக்காக நட்ட கல். முன்பு இதே வழியில் ஓடிய சிறிய ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு, அது கிடந்த மேட்டில்தான் இந்தத் தெரு வளர்ந்தது.

"கல்லைப் பிடுங்கிவிட்டுக் கட்டியிருக்கலாமே?" என்கிறேன்.

"புடுங்கினா கேசாயிடுங்க. வூடு கட்டாதீங்கன்னு யாரும் சொல்லலீங்களே," என்கிறார் வீட்டுக்கார அம்மா. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் வீடு முடிய வேண்டும்.

"ரயில் வந்தா அண்ணி அடுப்படியிலயே ஏறிக்குவாங்க," என்கிறார் சுவர் பூசும் கொழுந்தனார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்.

நான்கு சுவரும் செங்கல். கூரை மட்டும் கழற்றி எடுக்கக்கூடிய தகரம்.