நாடகத்தில் வராத மரக்கரண்டி

என் சமையலறையில் தொங்கும் தட்டையான மரக்கரண்டி ஒருநாளும் சட்டியைக் கண்டதில்லை. லண்டனிலிருந்து வந்திருந்த மச்சாள் விட்டுப்போனது. அதன் நுனியில் நாய்ப்பல் பட்ட தடம் இருந்தது. லண்டனில் ஒரு கட்சிக்காகப் பல தேர்தல்களில் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டவள் அவள். கதவில் கடிதம் போடும் துவாரத்துக்குப் பின்னால் நாய் காத்திருக்குமாம். அதனால் விரலை விடாமல் கரண்டியால் தாளை உள்ளே தள்ளுவார்களாம்.

அவள் வந்திருந்த மாரியில் எங்கள் ஊரான பழுகாமத்தில் மழை விடவேயில்லை. வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குப் போகும் பாதை வழக்கம்போல் தண்ணீருக்குள். அந்தப் பாதைக்காகவே பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊர்ப் பெண்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். எனக்கோ பயம். நாங்கள் இருவரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த பிரித்தானிய அரசியல் நாடகம் அந்தப் பயத்தை இன்னும் கூட்டியது. அதில் எல்லோரும் நல்ல கோட்டுப் போட்டு, தாழ்வாரத்தில் குசுகுசுத்து, ஒருவரை ஒருவர் கவிழ்த்தார்கள். கட்சி அரசியல் இதுதான், நமக்குச் சரிவராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

மச்சாளுக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "ஒருத்தர்ட விரலிலயும் காயமில்ல, பாத்தியாகா? ஒருத்தரும் மழையில நனையவும் இல்ல. கூட்டம் முடிஞ்சா ஆரு கதிரை அடுக்கிற?"

"அப்ப கவிழ்க்கிறதெல்லாம் பொய்யா மச்சாள்?" என்று கேட்டேன்.

"அது மெய்தான். காலையில எங்களோட தேத்தண்ணி குடிச்சவன் பின்னேரம் மற்றப் பக்கம் கை தூக்கினவன். ஆனா அது ஒருநாள் கூத்து. மிச்ச நாளெல்லாம் குப்பை வண்டி வரல்ல, தெருவிளக்கு எரியல்ல எண்டு சனம் சொல்லுறதக் கேக்கிறதுதான். அதப் படம் புடிச்சா ஆரு பாப்பா?"

அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. குசுகுசுக்க எனக்குத் தெரியாது, கதிரை அடுக்கத் தெரியும். கோயில் சடங்குக்கும் செத்தவீட்டுக்கும் நாங்கள் அதைத்தானே செய்கிறோம்?

மச்சாள் திரும்பிப் போனாள். நான் ஒரு கட்சியின் வேட்பாளராகக் கையெழுத்து வைத்தேன். முதல்நாள் வாக்குக் கேட்கப் புறப்பட்டபோது கரண்டியையும் எடுத்துக்கொண்டதைப் பார்த்து, "சமைக்கவா போறீங்க அக்கா?" என்று கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். கேலியிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கதவுத் துவாரம் ஏது, வேலி வாசலில் படலைதானே. ஆனாலும் ஒரு படலை இடுக்கால் பிரசுரத்தைக் கரண்டியோடு நீட்டினேன். கறுப்பு நாயொன்று பாய்ந்து வந்து கரண்டியைக் கவ்வியது. வீட்டுக்காரி ஓடிவந்து அதை அதட்டிவிட்டுப் படலையைத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்க. அந்தப் பாதையப் பத்தி நானும் கதைக்கணும்."

வாக்களிக்கும் நாள் இன்னும் வரவில்லை. வெல்வேனோ தெரியாது, பயம் மட்டும் போய்விட்டது. பழைய தடத்துக்குப் பக்கத்தில் புதிய தடம் பதிந்த கரண்டியைப் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இப்பதான்கா நீ கட்சிக்காரி."