காட்டாத கிரகம்

தொண்ணூறுகளில், மைசூரில் எங்கள் வீட்டு மாடியில் ராமாபுரத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சுக்கு நடுவே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். என்னைப் போலவே விஞ்ஞானக் கதை எழுதுபவர். இருவர் கதையிலும் வேற்றுக்கிரகப் போர்வீரர்கள்தான். எங்களைத் தவிர இரண்டையும் படித்தவள் என் மனைவி ஒருத்திதான்.

என் வீரர்களின் கிரகத்தை நான் செந்நிற மலை, இரும்பு ஆறு என்று பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தேன். அவருடைய வீரர்கள் தங்கள் கிரகத்தை நினைத்துக்கொள்வதோடு சரி.

"கிரகத்தைக் காட்டவே இல்லையே?" என்று மடக்கினேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "காட்டிப்போட்டா எல்லாரும் ஊட்டுக்குப் போயிருவாங்க சார். அப்புறம் சண்டைய ஆருங்க போடறது?"

எனக்கு வயிறு எரிந்தது. அவர் காலி செய்துகொண்டு போனபிறகுதான் ஆறியது.

போன வாரம் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "மாடி சார் கதையில, அந்த வீரர்கள் கடைசில ஊருக்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"

என் வீரர்களைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.