பாக்கியம் டீச்சரும் நான் வேண்டாமென்ற சீனியும்

செய்தி வந்தபோது நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பாக்கியம் டீச்சரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்கால் என்றால் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்கிற மனுஷி, ஆறு மணியாகியும் வரவில்லை. பனியில் குடையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அப்போது போன் அடித்தது. அவருடைய கணவர். "டீச்சர், பாக்கியம் போயிருச்சு. நேத்து அந்திக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விடியக்காலம் முடிஞ்சிருச்சு. நீங்க மதகுல காத்துக்கிட்டு இருப்பீங்களேன்னு மொதல்ல ஒங்களுக்குத்தான் எடுத்தேன்." சொந்தபந்தத்துக்கு முன்னால் எனக்கு. அந்த மரியாதைக்கு நான் தகுந்தவள் இல்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் பாடசாலை அதிபர் கேட்டார். "ஒங்களவிட அவங்கள யாருக்கு நல்லாத் தெரியும்?" என்றார். உண்மைதான். அப்படித் தெரிந்ததை ஒருமுறை தெரியாது என்று சொன்னவளும் நான்தான். அவரோடு படிப்பித்தவர்கள், அவரிடம் கணக்குப் படித்தவர்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள். புகழ்ந்து எழுத நிறைய இருக்கிறது. அதை மட்டும் எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தலவாக்கலையில் பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கும். வகுப்பு வாசலில் கால் நின்றுவிடும். சோக் பிடித்த கை நடுங்குவதைப் பிள்ளைகள் பார்த்துவிடக்கூடாது என்று கணக்கைக் கரும்பலகையில் எழுதாமல் வாயாலேயே சொல்லிச் சமாளித்தேன். கணக்கை வாயால் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? பக்கத்து வகுப்பிலிருந்து பாக்கியம் டீச்சர் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் வராந்தாவில் என்னை நிறுத்தி, "எத்தன நாளாத் தூங்கல டீச்சர்?" என்று கேட்டார். நான் மழுப்பினேன். "எனக்கும் இது இருக்குங்க. பத்து வருஷமா இருக்கு" என்றார். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த மனநலக் கிளினிக் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் மருந்து எழுதினார், தினமும் நடக்கவும் சொன்னார்.

முதல் நாள் மதகடியில் நின்று மேட்டைப் பார்த்தேன். என்னால் ஏலாது என்றேன். தூரத்தில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தைக் காட்டினார். "மொதல்ல அந்த மரம் வரைக்கும் போவோம். மிச்சத்த அங்க போய்ப் பேசிக்குவோம்." முதல் வாரம் மரத்தோடு திரும்பினோம். இரண்டாம் மாதம் தேயிலைத் தொழிற்சாலை வரை ஏறினோம். நோய் ஓடிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடித்தால், அது மேட்டால் அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. காரணத்தோடு அடிக்கிற நெஞ்சு பழகப் பழக, காரணமில்லாமல் அடிக்கும்போதும் செத்துவிடுவேன் என்ற பயம் குறைந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. என் கால் எனக்குச் சொல்லித் தந்தது.

எங்கள் ஊரில் உடற்பயிற்சி என்றால் சிரிப்பார்கள். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு நடுவில், வேலையில்லாமல் மலை ஏறுவது கொழுப்பெடுத்த காரியம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் எங்களை மறித்தார்கள். "ஏன் டீச்சர், மலை ஏறணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா எங்ககூட கொழுந்தெடுக்க வாங்களேன்" என்றாள் ஒருத்தி. நான் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். பாக்கியம் டீச்சர் நின்று பதில் சொன்னார். "எனக்கு மனசுல வருத்தம் இருக்கு தங்கச்சி. நடக்காட்டிப் படுக்கைய விட்டு எந்திரிக்கவே முடியாமப் போயிரும். அதான் நடக்குறேன்." சிரிப்பு நின்றது. அந்தப் பெண் கொஞ்ச தூரம் கூடவே வந்து, தன் அக்காவுக்கும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்கு டீச்சர் நடக்குறீங்க?" என்றாள்.

"எனக்கு சுகர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை, தயாராக வைத்திருந்ததுபோல வந்தது. சுகர் கௌரவமான வியாதி. அதற்காக நடந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டே நாளில் செய்தி பாடசாலைக்கு வந்துவிட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் இன்னமும் பழைய பழக்கம்தான். வெறுந்தேநீர், உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி, நக்கி நக்கிக் குடிப்போம். தேநீர் கொடுக்கும் முத்தம்மா அக்கா எல்லோர் கையிலும் சீனி வைத்துக்கொண்டே வந்து என் கையைத் தாண்டிப் போனார். "டீச்சர் சீனி தொடப்படாது" என்றார், அவ்வளவு அக்கறையாக. நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து கசப்பாகவே குடிக்கிறேன்.

மறுநாள் நடந்து திரும்பும்போது, ஆளில்லாத ஒரு வளைவில், பாக்கியம் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்து நீட்டினார். "சாப்பிடுங்க. இந்த எடத்துல ஒங்களுக்கு சுகர் இல்ல." சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகு தினமும் அந்த வளைவில் ஒரு டொபி. என் பொய்யை அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை.

என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இனித்தான் வருகிறது. இரண்டு வருடங்களுக்கு முன், அப்போது வேறொரு அதிபர். பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி பரீட்சைப் பயத்தில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மறுநாளிலிருந்து பாக்கியம் டீச்சர் கணக்குப் பாடத்துக்கு முன் வகுப்பு முழுவதையும் மைதானத்தில் இரண்டு சுற்று ஓடவிட்டார். தானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். "எனக்கும் பயம் வரும் புள்ளைகளா. நான் மருந்தும் போடுறேன், நடக்கவும் செய்றேன். ரெண்டுல ஒன்ன விட்டாலும் எனக்குச் சரிவராது" என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பெற்றோர் சிலர் அதிபரிடம் வந்தார்கள். மனநோய் உள்ளவரிடம் பரீட்சை வகுப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்கதானே தெனமும் அவங்களோட நடக்குறீங்க. அவங்களால வகுப்பு நடத்த ஏலுமா, நீங்களே சொல்லுங்க." பாக்கியம் டீச்சர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. எனக்கும் அதே வருத்தம்தான், நான் வகுப்பு நடத்தவில்லையா? அது நாக்கு நுனி வரை வந்தது. "எனக்கு அதப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க சேர். நான் சுகருக்காக நடக்குறவ" என்றேன். அவரிடமிருந்து அந்த வகுப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் பரீட்சைப் பெறுபேறு நன்றாக வந்தது. அத்திவாரம் போட்டவர் கீழே உட்கார்ந்து கைதட்ட, மேடையில் மாலை என் கழுத்தில் விழுந்தது.

கூட்டம் நடந்த மறுநாள் காலை, இனி எந்த முகத்தோடு போவது என்று போர்வைக்குள் கிடந்தேன். போன் அடித்தது. "என்ன டீச்சர், தூங்கிட்டீங்களா? வாங்க, மழ வர்றதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துருவோம்." போனேன். மரத்தடியில் அழுதேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "ஒங்களுக்கு எவ்வளவு பயம்னு எனக்குத் தெரியாதா? சொல்ல முடியிற அன்னைக்குச் சொல்லுங்க. இப்ப நடங்க." நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வளைவில் வழக்கம்போல டொபி வந்தது. வாங்கித் தின்றேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வகுப்பு போன பிறகு அவருக்கு மிக மோசமான ஒரு காலம் வந்தது. மதகு வரை வருவதற்கே பாடுபட்டார். "மொதல்ல அந்த மரம் வரைக்கும் போவோம்" என்று அவருடைய வார்த்தையையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது யார் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அவர் மெதுவாக எழுந்து நடந்தார். மூன்று மாதத்தில் மறுபடி தொழிற்சாலை வரை ஏறினார்.

இழவு வீட்டில் ஒருவர், "தெனம் மலை ஏறி எறங்கினாங்களே, என்ன பிரயோசனம்? நெஞ்சு வலியிலதானே போனாங்க" என்றார். அவர் நெஞ்சுக்காக நடக்கவில்லை, ஒவ்வொரு நாளும் படுக்கையை விட்டு எழுந்திருக்க நடந்தார், பதினான்கு வருடம் எழுந்தும் காட்டினார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முத்தம்மா அக்கா தேநீர்த் தட்டோடு வந்தார். எல்லோருடைய கையிலும் சீனி வைத்தார். அழுது வீங்கிய கண்ணோடும் மறக்காமல் என் கையைத் தாண்டிப் போனார். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கசப்பைக் குடித்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஒரு மதகு, ஒரு மரம், அது வரைக்குமாவது போவோம் என்ற ஒரு வார்த்தை. இன்னும் நடக்கிறேன். டொபியும் வாங்கிக்கொண்டுதான் போகிறேன், அந்த வளைவில் நின்று தனியாகத் தின்ன மனம் வரவில்லை.

அன்று அதிபரிடம் வந்த பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அதே கிளினிக்குக்குப் போகிறவள், அதே மருந்தைப் போடுகிறவள். எனக்குச் சுகர் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. பாக்கியம் டீச்சருக்கு இருந்ததுதான் எனக்கும். சொல்ல முடிகிற அன்றைக்குச் சொல்லுங்கள் என்றார். கேட்பதற்கு அவர் இல்லாத பிறகுதான் எனக்கு முடிந்திருக்கிறது.

முத்தம்மா அக்கா, திங்கட்கிழமை இடைவேளைக்குத் தேநீர் கொண்டுவரும்போது என்னைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.