கிணற்றடி மூலைக் கடை

என் தம்பியால் ஆகாது என்று ஊரே சொன்ன இடங்களில் அவன் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு வரை திக்காமல் ஒப்பித்து முதலாவதாக வந்தான். பரிசு ஓர் அழிரப்பர். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக ஒரு தலையணை உறையைக்கூட மாடி மாற்றி அனுப்பியதில்லை. கணினி விளையாட்டு ஒன்றில் முந்நூற்று நாற்பது பேர் கேட்ட கிணற்றடி மூலைக் கடை குலுக்கலில் அவனுக்கு விழுந்தது. அதே விளையாட்டில், நம்பத்தக்க வணிகர் என்று ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு வெள்ளி இலையை இரண்டு முறை கொடுத்தார்கள். இரண்டாவது இலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஏனென்றால் அது கிடைப்பதற்கு முன் அவன் ஆறு பேரைக் கொன்றிருந்தான். விளையாட்டில்தான்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு நகரம் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே காடு, பனிக்குகை, நெருப்பு மலை, அவற்றில் மிருகங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி கத்தியும் கோடாரியும் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய் அவற்றோடு சண்டை போடுவார்கள். தம்பி சண்டைக்குப் போனதில்லை. நகரச் சந்தையின் கிணற்றடி மூலையில், போகிறவர்களுக்கு மருந்து, கயிறு, விளக்கு, கையுறை எல்லாம் விற்கும் கடையில் நிற்பான். மருந்துக் குப்பிகளுக்குப் பேர்போன கடை என்பதால் அவனுக்குக் குப்பி அண்ணன் என்று பேர்.

"காலையில அழுக்குத் துணி, சாயங்காலம் பொய்க் கடை. இவருக்கு வாழ்க்கையில உட்காரவே கொடுப்பினை இல்லை அண்ணி" என்பாள் அவன் மனைவி என்னிடம்.

"விளையாட்டுல உட்கார்ந்துதானே இருக்கேன்?"

"நீங்க உட்கார்ந்திருக்கீங்க. உங்க பொம்மை நாலு மணி நேரமா நிக்குதே, அதுக்குக் கால் வலிக்காது?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குச் சலவைக்கூடத்தில் நுழைந்தால் மதியம் இரண்டு மணிவரை ஆவியில் வேகிற வேலை. ரத்தக்கறை ஒரு குவியல், மருந்துக்கறை ஒரு குவியல், ஓரத்தில் பச்சை நூல் ஓடினால் மூன்றாம் மாடி, மஞ்சள் நூல் ஓடினால் ஐந்தாம் மாடி. அங்கே பத்து மணி நேரத்தில் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்டாலும் காதில் விழாது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கடை திறந்தால் ஏழு மணிக்குள் நாற்பது பேர் வருவார்கள். எல்லோரும் அவனைக் கேட்பார்கள். "அண்ணே, பனிக்குகைக்கு எது எடுக்கலாம்?" "அண்ணே, அந்தச் சிலந்திக்கு இது போதுமா?" ஒலிவாங்கியில் அலுத்த குரலில் பதில் சொல்வான். "தம்பி, ஒன்பது பேருக்கு இதையே சொல்லிட்டேன், நீ பத்தாவது. ரெண்டு எடுத்துக்கோ, திரும்பி வர்றதுக்கும் வேணும்." அலுப்பு குரலில் மட்டும்தான். உலகத்தில் அவனைக் கேட்டு ஒருவர் முடிவெடுக்கும் ஒரே இடம் அந்த மூலைக் கடை.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. இதை மறைக்க வேண்டியதில்லை என்று அவனே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். வாய்ப்பாடு காதில் விழுந்து மனதில் நின்றது. எழுத்து மட்டும் கண்ணுக்கு முன் இடம் மாறி இடம் மாறி ஓடியது. நான்காம் வகுப்போடு நின்றுவிட்டான். கல்யாணப் பதிவேட்டிலும் சம்பளப் பதிவேட்டிலும் கட்டைவிரல் ரேகைதான். விளையாட்டில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. நூற்று அறுபத்து மூன்று சரக்குகளுக்கும் தனித்தனிப் படம் உண்டு. காய மருந்து உருண்டைச் சிவப்புக் குப்பி, வெப்ப மருந்து நீளக் கழுத்து ஆரஞ்சுக் குப்பி. கடைப் பலகையில்கூடப் பெயர் எழுதாமல் ஒரு குப்பியை வரைந்து வைத்திருந்தான். அந்த விளையாட்டில் மவுஸைப் பிடித்து ஒரு தோல் தாளில் எதை வேண்டுமானாலும் கிறுக்கி ஒட்டலாம்.

சென்ற வருடம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டை நடத்துபவர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். குப்பி, கயிறு, விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறப் படம் வந்துவிட்டது. அடியில் பெயர் மட்டும். கடையைத் திறந்து பார்த்த தம்பி அப்போதே மூடியிருக்க வேண்டும். அவன் மூடவில்லை. சலவைக்கூடத்தில் எந்த அலமாரியில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவன் அல்லவா? மூன்றாம் வரிசையில் ஐந்தாவது வெப்ப மருந்து என்று கைக்குத் தெரியும். படம் போனால் போகட்டும், இடம் எங்கே போகும் என்று நினைத்துவிட்டான். இடமும் போயிருந்தது. சரக்குகளை அகர வரிசையில் மாற்றி அடுக்கியிருந்தார்கள்.

அன்று ஆறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று பனிக்குகைக்குக் கிளம்பியது. தலைவி ஒரு பெண். பெரிய கோடாரி வைத்திருப்பதால் கோடாரி என்றே அழைப்பார்கள். நான்கு வருட வாடிக்கை. ஆறு வெப்ப மருந்து கேட்டாள். தம்பி மூன்றாம் வரிசையில் ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தான். குளிர் தாக்கும்போது குடிக்க வேண்டிய மருந்து என்பதால் குகைக்குள் போகும்வரை யாரும் குப்பியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பி அண்ணன் கொடுத்ததைப் பார்ப்பானேன்?

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"அண்ணே, என்ன மருந்துண்ணே குடுத்தீங்க?"

"ஏம்மா? வெப்ப மருந்துதான்."

"தூக்க மருந்து! ஆறு பேரும் வாய்க்குள்ள ஊத்திட்டு, அந்தக் கரடிக்கு முன்னால வரிசையா படுத்துத் தூங்கிட்டோம். பாய் மட்டும்தான் போடலை. கரடிக்கே ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியலை!"

பக்கத்துக் கடைகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அந்த விளையாட்டில் செத்தவர்கள் நகரத்தில் மறுபடி எழுந்துவிடலாம், கையிலிருந்தது மட்டும் திரும்பாது; அவர்கள் மூன்று வாரமாகச் சேர்த்த கவசங்கள் குகைக்குள்ளேயே போயின.

"குப்பி மேல எழுதித்தானே இருக்கு, பார்க்கலையா?" என்றாள் கோடாரி.

தம்பி ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

சிரிப்பு நின்றது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்துச் சொன்னேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அதற்கென்ன? ஆனால் ஒலிவாங்கியில் என் குரலும் கேட்டது. "அண்ணே, உள்ள இருக்கிற டீச்சரம்மா என்ன சொல்றாங்க?" என்று ஒருவன் கேட்டான். தம்பி மூன்று நாள் பொறுத்தான். பதின்மூன்றாம் தேதி கடையின் கதவை இழுத்துச் சாத்தினான்.

"நான் வர்றேன்டா, எனக்கு என்ன சிரமம்?"

"நீ எத்தனை நாள் வருவே? உனக்கும் முதுகு வலி. என்கிட்ட கேட்க வர்றாங்களா, உன்கிட்ட கேட்க வர்றாங்களா? விடுக்கா."

அந்தச் சந்தையில் ஒரு சட்டம். முப்பது நாள் மூடிக் கிடக்கும் கடை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கிணற்றடிக் கடைக்காகக் காத்திருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

நான் வேலை பார்க்கும் தையல் கூடத்திலிருந்து, சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதினேன். அ, ஆ என்று தொடங்கியது உதவவில்லை. ஐந்தாம் நாளே எழுத்து பழையபடி ஓட ஆரம்பித்தது. ஆறாம் நாள் அவன் அட்டைகளை என் கையிலிருந்து வாங்கித் தரையில் கொட்டினான். கோபம் என்று நினைத்தேன். அழுக்குத் துணியைப் பிரிப்பதுபோல் பிரிக்கத் தொடங்கினான். கொம்பு வைத்தது ஒரு குவியல், தலையில் புள்ளி நிற்பது ஒரு குவியல், காலில் சுழி போட்டது ஒரு குவியல்.

"இந்த மருந்துக்கெல்லாம் வால் ஒண்ணுதான்க்கா. தலையை மட்டும் பார்த்தாப் போதும். வெப்பத்துக்கு முன்னால கொம்பு நிக்குது. தூக்கத்துக்குக் கொம்பு இல்லை."

"அதைப் படிக்கிறதுன்னுதான் சொல்லுவாங்க."

"படிக்கிறது இல்லை. கறை பார்க்கிற மாதிரி முழுசாப் பார்க்கிறேன். எழுத்து எழுத்தாப் பார்த்தாத்தான் ஓடுது."

ஒரு நாளைக்கு ஏழெட்டு அட்டை. வேலை முடிந்து கண் எரிய வருவான். அட்டையைப் பிடித்தபடியே தூங்கிப்போவான். அவன் மனைவி மார்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். பத்தொன்பதாம் நாள், முன்தினம் தெரிந்திருந்த இருபது பெயர்கள் தெரியவில்லை. "போகட்டும்க்கா. அசதியா இருக்கு. அந்தக் கடை இல்லைன்னா செத்தா போயிடுவேன்?" என்றான். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அசதிதான்.

மறுநாள் கடையை வெளியிலிருந்து பார்க்கப் போனான். யாரோ ஒருவன் மூடிய கதவுக்கு முன்னால் நின்று, இங்கே அலமாரி வைக்கலாம், அங்கே விளக்குப் போடலாம் என்று தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கணினியை அணைத்தான்.

"அட்டையை எடு" என்றான்.

இருபத்தெட்டாம் நாள் திறந்தான். நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் தெரிந்தன. தெரியாத நாற்பத்தைந்தையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டான். நான் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன். இரண்டு மணி நேரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. அந்த வழியாகப் போனவர்களும் பலகையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பிறகு கோடாரி வந்தாள்.

"வெப்ப மருந்து ஆறு" என்றாள். நலம் விசாரிக்கவில்லை.

அவன் வரிசை வரிசையாகப் பார்த்தான். அவசரப்படவில்லை. ஆறு எடுத்து வைத்தான்.

"ஒவ்வொண்ணுலயும் என்ன மருந்துன்னு எழுதி ஒட்டுங்க. உங்க கையால."

எழுதினான். மவுஸைப் பிடித்து இழுத்த எழுத்து, மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது. ஆனால் கொம்பு முன்னால் நின்றது. கடைசித் தாளின் அடியில் வழக்கம்போல் ஒரு குப்பியை வரையப் போனான்.

"படம் வேண்டாம்ணே. படத்தை நம்பினவங்க எல்லாம் தூங்கிட்டாங்க. பேரைப் போடுங்க. தப்பாப் போனா யாரைக் கேட்கிறதுன்னு இருக்கணும் இல்ல?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை அட்டை எழுதியவள், அவன் பெயருக்கு ஓர் அட்டை எழுதவில்லை. ஒரு வெற்று அட்டையை எடுத்து, எழுதி, அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கறையைப் பார்ப்பதுபோல் முழுதாகப் பார்த்தான்.

"இவ்வளவு சின்னப் பேரா எனக்கு?" என்றான்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. கொஞ்சம் நில்லு."

அவள் நின்றாள். ஒன்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை அழித்தான். மூன்றாவது முறை அட்டையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எழுதினான்.

அன்று 2025 மார்ச் 12, புதன்கிழமை.