மலைப்பாம்புக்கு ஓர் எலி

பேக்கரியில் மாவு பிசைகிறவனுக்கு ஊர் விழிக்கும்போதுதான் பொழுது சாயும். ராத்திரி முழுக்க மாவு மூட்டையைத் தூக்கி இயந்திரத்தில் கொட்டி, உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கி, அடுப்புக்கும் மேசைக்கும் நடையாய் நடந்து அவன் வீடு வந்து சேரும்போது புருவத்தில்கூட மாவு படிந்திருக்கும். அவன் வாசலில் செருப்பைக் கழற்றவும் மனைவி தன் செருப்பை மாட்டவும் சரியாக இருக்கும். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்துவதே அந்த வாசற்படியில்தான் என்று அவன் வேலையிடத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு. யாரும் சிரித்ததில்லை. அங்கே எல்லார் கதையும் அதுதான்.

மகளுக்கு நாலு வயது. வீட்டில் செல்லப் பெயர் வாலு. வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். மத்தியான வேளையில் பாலர் வகுப்புக்குப் போகிறாள்; சேர்ந்து எத்தனையோ மாதம் ஆகியும் அங்கே யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

ஒரு நாள் வாசற்படியில் மனைவி சொன்னாள்: "டீச்சர் கூப்பிட்டுப் பேசினாங்க. தினம் கொஞ்ச நேரம் நாம அவகூட விளையாடணுமாம். இந்த மாசம் மிருகங்கள். கரடி மாதிரி நடக்கணும், முயல் மாதிரி குதிக்கணும், குதிக்கக் குதிக்க எண்ணணும். அப்பா அம்மா கூடச் சேர்ந்து செஞ்சா தைரியம் வருமாம்."

"யாரு குதிக்கிறது?"

"பகல்ல வீட்ல யாரு இருக்கா?" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவன் குதித்தான். பெற்ற கடனுக்குக் குதித்தான். முதல் நாள் முயல். நாலு தாவல் தாவுவதற்குள் கீழ்வீட்டம்மா துடைப்பக்கட்டையால் தன் வீட்டு மேற்கூரையை இடித்தாள். மறுநாள் கரடி, அது பரவாயில்லை, சத்தமில்லாத மிருகம். அடுத்த நாள் நண்டு. கையை ஊன்றி, வயிற்றை மேலே தூக்கி, பக்கவாட்டில் நகர வேண்டும். மூட்டை சுமந்த இடுப்பு பாதி வழியில் பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"இப்ப நீ என்ன மிருகம்ப்பா?" என்று தலைமாட்டில் வந்து நின்றாள் வாலு.

அவன் கண்ணைத் திறக்காமல் சொன்னான்: "மலைப்பாம்பு."

"அது என்ன பண்ணும்?"

"வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு அசையாம கிடக்கும். நாள் கணக்குல கிடக்கும்."

அன்றுமுதல் வீட்டில் வேறு மிருகம் வரவில்லை. அவன் பாயில் நீளமாகக் கிடப்பான். அவள் கரண்டி, சீப்பு, செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவன் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பாம்பின் நீளத்தை எண்ணுவாள். ஆறுக்கு அடுத்து எப்போதும் எட்டுதான்.

"ஏழு எங்கம்மா?" என்பான் அரைத்தூக்கத்தில்.

"நீதான் முழுங்கிட்ட."

பிள்ளை படிக்கிறது, தனக்கும் கண் அயர்கிறது, கடவுளே கொடுத்த மிருகம் இது என்று நினைத்துக்கொண்டான். அயர்ந்த கண் ஒரு நாள் ஆழமாகவே அயர்ந்துவிட்டது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தான். பாயைச் சுற்றிக் கரண்டிகள் கிடந்தன. வாலுவைக் காணோம். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. திறந்த கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள் கீழ்வீட்டம்மா. அவள் கையில் வாலுவின் மணிக்கட்டு. மாடிப்படியை அடுத்துத் தெரு, தெருவில் லாரிகள்.

"உங்க வீட்டுப் பாம்புக்குப் பசிக்குதாம். எங்கிட்ட எலி இருக்கான்னு கேட்டு வந்திருக்கா" என்றாள் அவள்.

அவன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. "கேட்டாளா? இவளா உங்களைக் கேட்டா?"

"கேட்டாளாவா? பெருசா வேணாம், சின்ன எலி போதும், பாம்பு கிழவன்னு விளக்கம் வேற."

சாயங்காலம் மனைவி வந்ததும் மறைக்காமல் சொன்னான். அவள் கைப்பையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தாள். சலவைச் சோடா அரித்த கைகள் மடியில் கிடந்தன.

"ரோட்டுக்குப் போயிருந்தா?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"உன்னைத் தூங்காதன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்" என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை போலிருந்தது. பிறகு அவளே கேட்டாள்: "என்ன சொன்னா? திரும்பச் சொல்லு."

சொன்னான். கிழவன் என்ற இடத்தில் அவள் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

கதவின் உச்சியில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டான். ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்றார். அந்த ஆள் கிடைக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். கீழ்வீட்டம்மாதான் வழி சொன்னாள். வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவள், எங்கும் போகமாட்டாள். "காலையில கொஞ்ச நேரம் எங்கிட்ட விடுங்க தம்பி. நீங்க படுங்க. எனக்கு முழங்கால் வலி, குதிக்கவெல்லாம் முடியாது. வேணும்னா ஆமையா இருக்கேன்."

வகுப்பில் வாலு இன்னும் பெரிதாகப் பேசிவிடவில்லை. ஒரு நாள் பக்கத்துப் பையன் பெஞ்சைத் தட்டியபோது மட்டும், "சத்தம் போடாத, பாம்பு தூங்குது" என்றாளாம். யாருக்கும் புரியவில்லையாம். ஆனாலும் டீச்சர் அதை மனைவியிடம் இரண்டு முறை சொன்னாராம்.

மாதம் முடிந்தது. வழக்கம்போல வாசற்படியில் அவன் செருப்பைக் கழற்ற, அவள் மாட்டினாள்.

"இந்த மாசம் பறவைங்களாம்" என்றாள்.

அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "பறக்கணுமா?"

"தெரியல. சாயங்காலம் கேட்டுச் சொல்றேன். நீ போய்ப் படு."